நூறிலிருந்து ஏழு ஏழாக

முதல் மாதம் முழுக்கத் துறைமுகத் தண்ணீரில்.
உப்பனாறு கடலைத் தொடும் இடத்தில்
கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு.
எட்டு போல்ட், எட்டு நட்டு, ஒரு இரும்புத் தட்டு.
விரலால் பார்க்கப் பழகினேன்.
சோதிக்குப்பத்தில் கரண்ட் போகும் இரவுகளில்
இப்போது நான் மட்டும் டார்ச் தேடுவதில்லை.

டைவிங் சூட் ஆணுக்குத் தைத்தது.
என் முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் ரப்பர் மடிப்பு.
பதினொரு பேரில் நான் ஒருத்தி ஏன் என்று
தண்ணீர் கேட்கவில்லை.
பரங்கிப்பேட்டை ஜமாலுதீன் கேட்டான்.
மறுநாள் என் கயிற்றைப் பிடிக்க
அவனையே நிறுத்தினார்கள்.

கயிறு என்கிறோம்.
காற்றுக்குழாய், பேச்சுக்கம்பி, ஆழம் அளக்கும் குழாய்,
எல்லாம் முறுக்கிய மஞ்சள் கொடி அது.
பாடப்புத்தகத்தில் அதற்குத் தொப்புள்கொடி என்று பெயர்.
ஜமாலுதீன் அப்படிச் சொல்லமாட்டான். கூச்சம்.

இன்று ஐம்பது மீட்டர்.

சிப்காட் வாசனை வெகுதூரம் படகின் பின்னாலேயே வந்து
பிறகு விட்டுவிட்டது.
பத்தில் பச்சை.
இருபதில் காது சண்டைபோட்டுச் சமாதானமானது.
முப்பதில் என் சிவப்புக் கையுறை வெறும் பழுப்பு.
நாற்பதைத் தாண்டியதும்
எல்லாரையும் மன்னிக்கலாம் போலிருந்தது.

"டைவர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி."
ரெஜினால்ட் சார் குரல், தகர டப்பாவில் பட்டாணி.

தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.
எழுபத்திரண்டு அழகான எண், கொஞ்ச நேரம் அதோடு இருந்தேன்.
அறுபத்தைந்து. ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தொன்று.
ஐம்பத்தொன்று.
ஐம்பத்தொன்று, சார்.

சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
சேற்றில் ஒரு இடதுகால் செருப்பு கிடந்தது.
இவ்வளவு தூரம் தனியாக வந்ததற்கு
அதைப் பாராட்டத் தோன்றியது.
ஒரே நட்டை மூன்று முறை முறுக்கினேன்.
"மேலே வா" என்றது தகரம்.
கொடியில் நாலு இழுப்பு. அது ஜமாலுதீன்.

உடனே வந்துவிட முடியாது.
ஆழத்தில் உடம்பு வாங்கிய காற்றைத்
தவணை தவணையாகத் திருப்ப வேண்டும்.
ஒன்பது மீட்டரில் கொஞ்சம்,
ஆறில் இன்னும் கொஞ்சம்,
மூன்றில் மிச்சமெல்லாம்.
மொத்தமாக அடைக்கிறேன் என்று எகிறினால்
ரத்தம் கோலி சோடா.

ஆறு மீட்டரில் தலை தெளிந்தது.
விட்ட இடத்திலிருந்து கணக்கு தானாகவே இறங்கியது.
நாற்பத்து நாலு, முப்பத்தேழு, முப்பது,
இருபத்து மூன்று, பதினாறு, ஒன்பது,
இரண்டு.

இரண்டில் ஏழு போகாது.
பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்பார்
மூன்றாம் வகுப்பு ஹிதாயத் டீச்சர்.
பக்கத்து வீட்டில் யாருமில்லை.
அப்படியானால் மைனஸ் ஐந்து.

ஐந்து லட்சம் இந்தப் படிப்புக்கு.
மகளிர் குழுவில் ஒன்று,
ஐஸ் கம்பெனிக்காரரிடம் ஒன்றரை,
மீதிக்கு என்ன செய்தாய் என்றால்
அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டு
மீன் விலை பேசுவாள்.
இன்று வியாழன். குழு கூடும் நாள்.

மூன்று மீட்டர், பதினான்கு நிமிடம்.
படகின் அடிவயிறு, அதில் பாசி.
ஒரு குட்டி மீன் என் பூட்ஸைச் சோதித்துவிட்டுப் போனது.
ஒரு இழுப்பு வந்தது: நல்லாயிருக்கியா?
ஒரு இழுப்பு கொடுத்தேன்: நல்லாயிருக்கேன்.
கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒன்று.
பேச்சுக்கம்பி இருக்கிறது, வேலை செய்கிறது.
அவன் கேட்டபடி இருந்தான்,
நானும் இழுத்தபடி இருந்தேன்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் டீசல் வாசனை, வெயில், எல்லார் முகமும்.
"ஐம்பத்தொண்ணுல என்ன இருந்துச்சு?"
"செருப்பு" என்றேன்.

ரெஜினால்ட் சார் பதிவேட்டில் எழுதினார்:
ஆழம் ஐம்பது. அடியில் பதினைந்து நிமிடம்.
முடித்த போல்ட், எட்டில் ஒன்று.
கையெழுத்துப் போடு என்று நீட்டினார்.
விரல் ஊறிச் சுருங்கியிருந்தது.
பெயர் மட்டும்
முதல் தடவையிலேயே சரியாக வந்தது.